பனி இறங்கும் கொல்லை, கசியும் மடை

மார்கழியிலும் தையிலும் ஊரின் பழுதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். எழுதி வைக்கத்தான் ஆள் வேண்டும்.

மார்கழி பிறந்தால் சென்னையில் சபா கேன்டீன் பற்றிப் பேச்சு. கிராமத்தில் அவரைப் பந்தல் பற்றிப் பேச்சு. யார் வீட்டுப் பந்தல் பூத்தது, யார் வீட்டில் பேன் விழுந்தது, யார் கொடி வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுக் கூரையில் காய்க்கிறது, அந்தக் காய் யாருக்குச் சொந்தம் என்கிற வழக்குகள் எல்லாம் காலையில் குழாயடியிலேயே விசாரித்துத் தீர்ப்பும் சொல்லியாகிவிடும்.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியைக் கொடுப்பது வடகிழக்குப் பருவமழை. அக்டோபரில் தொடங்கி டிசம்பர் கடைசியில் ஓய்கிறது. அதற்குப் பிறகு அறுவடை மும்முரமாகும் வரை கண்மாய்ப் பாசன ஊர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிடும் நேரம் கிடைக்கும். மண்ணில் ஈரம் இருக்கிறது. வெயில் முதுகைச் சுடுவதில்லை. கண்மாயில் தண்ணீர் நிற்கிறது. கதிர் முற்றிக்கொண்டிருப்பதால் வயலில் பெரிய வேலை கிடையாது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொல்லையும், ஊருக்குப் பொதுவான தெரு, சாக்கடை, ஊருணி, கண்மாய் எல்லாமும் தங்கள் நிலைமையை ஒளிக்காமல் காட்டுகிற நாள்கள் இவை.

கொல்லை காட்டுவதை நாம் அன்றைக்கே பார்த்துவிடுகிறோம். பொது இடம் காட்டுவதைப் பார்த்தும் கடந்து போகிறோம். அதைத் திருத்த என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். முதலில் கொல்லைக்குப் போவோம்.

அவரைக்குத் தெரிந்த கணக்கு

ஆடியில் ஊன்றிய பந்தல் அவரை ஆவணி, புரட்டாசி முழுக்க இலையாகவே தள்ளும். புதிதாகத் தோட்டம் போட்டவர்கள் பயந்துபோய் உரம் வைப்பார்கள். உரம் வைத்தால் இன்னும் இலைதான் வரும். நாட்டு அவரை பூப்பதற்குப் பகல் குறைந்து இரவு நீள வேண்டும். ஐப்பசி தாண்டிய பிறகே பூங்கொத்து எட்டிப் பார்க்கும். மார்கழி, தையில் கூடை கூடையாகக் காய்க்கும். பகல் நன்றாக நீண்டதும் ஓய்ந்துவிடும். முன்னால் ஊன்றியவர் பந்தலும் பின்னால் ஊன்றியவர் பந்தலும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் பூப்பது இதனால்தான். முந்தி ஊன்றியவருக்குக் கொடி பெருத்திருக்கும், அதனால் காய் கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம்.

பருவம் பார்க்காமல் காய்க்கும் குத்து அவரை ரகங்களை வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொடுத்திருக்கிறது. சந்தைக்கு விளைவிப்பவருக்கு அவை சரி. வீட்டுக்கு ஒரு பந்தல் போதும் என்பவருக்கு நாட்டு அவரையை விட்டால் வேறு நாதியில்லை என்பது என் கட்சி. தனக்கும் பக்கத்து வீட்டுக்கும் போக, விதைக்கும் மிச்சம் கொடுக்கும் செடி அது. ரகம் கெடாமல் இருக்க வேண்டுமானால், பந்தலின் நல்ல கொடியில் முதலில் காய்த்த திரட்சியான நெற்றுகளை விதைக்கு விட்டுவிட்டு மிச்சத்தைத்தான் பறிக்க வேண்டும். கடைசியில் காய்த்த சூம்பல்களை விதைக்கு எடுத்து வைப்பது கஞ்சத்தனம். அடுத்த ஆடியில் அதன் பலன் தெரிந்துவிடும்.

பனி இறங்கியதும் பூங்கொத்துகளில் கறுப்பாக அசுவினி அப்பும். ஊர்ப்பக்கம் பேன் என்பார்கள். அதற்குப் பழைய வைத்தியம் அடுப்புச் சாம்பல். இலையில் பனியீரம் இருக்கும்போதே தூவினால் ஒட்டும், வெயில் ஏறிய பின் தூவினால் காற்றோடு போகும். வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு வந்த பிறகு சாம்பலுக்குத்தான் பஞ்சம். சிலர் தெருவோரம் குப்பை எரித்த சாம்பலை அள்ளி வந்து தூவுகிறார்கள். அதில் பாலிதீன் பையும் பால் பாக்கெட்டும் எரிந்த மிச்சம் இருக்கும், தின்னும் காயில் போடக் கூடாது. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து அடிப்பது மேல்.

மார்கழிக் கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் செருகும் பூசணிப்பூவுக்கும் ஒரு தோட்டக்கலை உண்டு. பூப்பறிக்கப் போகும் பேத்தியிடம் திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சிகள் சொல்லி அனுப்புவார்கள்: "ஏட்டி, பிஞ்சோட இருக்கிற பூவுல கைய வைக்காத. காம்பு நீளமா நிக்கிறதாப் பார்த்துக் கிள்ளு." காம்பு நீண்டு மெலிந்து நிற்பது ஆண் பூ. அடியில் குட்டிக் காய் உருண்டிருப்பது பெண் பூ. ஆண் பூக்கள்தான் முதலில் வரும், எண்ணிக்கையிலும் அவைதான் அதிகம். கொடிக்கு ஒன்றிரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கோலத்துக்குக் கொண்டுபோனால் விளைச்சல் குறையாது.

பனிமூட்டம் கனத்த நாள்களில் தேனீ தாமதமாக வரும். அதற்குள் வெயிலேறிப் பூவும் வாய் மூடிவிடும். பிஞ்சு பழுத்து உதிர்கிறதே என்று கவலைப்படுபவர்கள் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். விடிந்து பூ விரிந்ததும் ஆண் பூவைக் கிள்ளி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் ஒரு தடவு தடவிவிட்டுப் பிறகு வாசலுக்கு எடுத்துப் போகலாம். கோலத்துக்கும் ஆயிற்று, காய்க்கும் ஆயிற்று.

கொத்தமல்லிக்கும் முள்ளங்கிக்கும் இதுவே நல்ல காலம். கோடையில் நாலு இலை விட்டதும் பூவுக்கு ஓடிவிடும் கொத்தமல்லி, இப்போது நிதானமாகத் தழைக்கும். கீரைக்கும் தக்காளிக்கும் ஓர் எச்சரிக்கை மட்டும் போதும். இந்தப் பருவத்தில் கொல்லைச் செடி காய்ந்து செத்தது என்று கேள்விப்படுவது அபூர்வம், அழுகித்தான் சாகும். மாலையில் தலைக்கு மேல் தண்ணீர் ஊற்றினால், ராத்திரிப் பனியும் சேர்ந்துகொண்டு இலையில் சாம்பல் பூத்து புள்ளி விழும். காலையில், வேரடியில், அளவாக ஊற்றினால் போதும்.

எல்லாச் செடிக்கும் பனி பிடிக்கும் என்று இல்லை. கறிவேப்பிலை துளிர்விட அடம்பிடிக்கும். முருங்கை காய்ப்பதை நிறுத்தும். மார்கழியில் முருங்கைக்காய் விலை ஏறுவது ஆண்டு தவறாத செய்தி. போதாக்குறைக்கு, முருங்கைப் பட்டையில் கம்பளிப்பூச்சி கூட்டமாக ஒட்டிக்கொண்டு வீட்டுக்கே யாரும் வரமுடியாமல் செய்யும். தீப்பந்தம் காட்டுவது பழைய வழக்கம். கூட்டமாக அடிமரத்தில் இறங்கியிருக்கும் நேரம் பார்த்துச் செய்ய வேண்டும், மரப்பட்டையைப் பொசுக்கிவிடவும் கூடாது.

நீலகிரியின் கதை வேறு. அங்கே மார்கழி என்றால் உறைபனி. தலைக்குந்தா, அவலாஞ்சி பக்கமெல்லாம் புல்வெளி வெளுத்துக் கிடக்கும், தேயிலைக் கொழுந்து கருகும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகள் மேல் கோத்தகிரி மிலார் என்கிற செடியை வெட்டி வந்து போர்த்துகிறார்கள். சமவெளிக்காரர்களான நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

தரையடியில் என்ன நடக்கிறது என்பது பொங்கலுக்குத்தான் வெளிவரும். தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்துச் சிறுகிழங்கு, மஞ்சள் கொத்து, சேம்பு, சேனை எல்லாம் தை பிறக்கையில் சந்தைக்கு வந்து குவியும். தூத்துக்குடிப் பக்கத்தில் பனங்கிழங்கு. மழைக்கு முன் பொறுக்கிய பனங்கொட்டைகளை மணல்மேட்டில் அடுக்கி மூடிவிட்டால், மழையீரத்தில் வேர்விட்டுப் பொங்கலுக்குள் தோண்டி எடுக்கும் பக்குவத்துக்கு வந்துவிடும். விதைத்தவனுக்கு நீர்ச்செலவும் உரச்செலவும் வைக்காத விளைச்சல் இது. பனைக்குக் கண்மாய்க்கரையில் இன்னொரு வேலை இருக்கிறது. அங்கே போகும்போது பார்ப்போம்.

பாத்திரம் கழுவிய தண்ணீர் போகும் வழி

பாத்திரம் கழுவிய தண்ணீர் எங்கே போவது? முன்பு கொல்லையிலேயே இதற்கு விடை இருந்தது. அங்கணத் தண்ணீர் வாழைக்குப் போகும். வாழை இல்லாத வீட்டில் சேம்புக்கோ கல்வாழைக்கோ போகும். தண்ணீரைக் கிணற்றிலிருந்து இறைத்தோ தலையில் சுமந்தோ கொண்டுவந்ததால் செலவும் கைக்கு அடக்கமாக இருந்தது.

2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் வீட்டுக்கு வீடு குழாய் என்றது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் அதன் கணக்கு. 5 பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். பெண்களின் இடுப்பிலிருந்து குடத்தை இறக்கி வைத்த திட்டம் அது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வீட்டுக்குள் வந்த தண்ணீரில் பெரும்பகுதி அழுக்காகி வெளியே வந்தாக வேண்டும். வரும் வழியைக் குழாய் போட்டுக் கொடுத்த அளவு அக்கறையுடன், போகும் வழியை யாரும் யோசிக்கவில்லை.

இதற்கிடையில் தெரு உயர்ந்துகொண்டே போகிறது. பழைய சிமென்ட் சாலையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே அடுத்த சாலை, அதற்கு மேல் பேவர் பிளாக். நாலைந்து படி ஏறிப் போக வேண்டிய வீடுகளுக்கு இப்போது இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் திண்ணையில். பெய்யாவிட்டாலும் சாலையோரம் கறுப்பாகச் சாக்கடை தேங்கி நிற்கும். கடைசியில் அது ஊருணியைத் தேடிப் போகும். ஒரு காலத்தில் செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு இறங்கிக் குடிதண்ணீர் மொண்ட ஊருணிகள், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் இப்போது எத்தனையோ ஊர்களில் சாக்கடையின் கடைசிக் கிடங்கு.

இதற்கு அரசு சொல்லும் மருந்து உறிஞ்சுகுழி. குழி தோண்டிக் கல்லும் ஜல்லியும் நிரப்பித் தண்ணீரை மண்ணுக்குள் இறக்குவது. செம்மண்ணிலும் மணற்பாங்கான இடத்திலும் நன்றாகவே வேலை செய்கிறது. கரிசலில் செய்யாது. விருதுநகர், தூத்துக்குடிக் கரிசல் மழைக்கு ஊறினால் நீரை விடாது. குழி நாலு நாளில் நிரம்பி நாறும். ஒரே வரைபடத்தை எல்லா ஊருக்கும் அனுப்பினால் இப்படித்தான் ஆகும். கரிசல் ஊருக்கு ஏற்றது பழைய வாழைக்குழிதான். தண்ணீரை மண் குடிப்பதைவிட வேகமாக வாழையும் கல்வாழையும் குடிக்கும்.

மழை ஓய்ந்த இந்த நாள்களில் காய்ச்சல் வேறு. டெங்குவைப் பரப்பும் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. நல்ல தண்ணீரைத் தேடுகிறது. கொல்லையில் கிடக்கும் கொட்டாங்கச்சி, உபயோகமில்லாத ஆட்டுக்கல், பழைய டயர், மாடி மேல் மூடாத சின்டெக்ஸ் தொட்டி இதெல்லாம் அதற்கு மருத்துவமனைப் பிரசவ அறை. ஊராட்சியிலிருந்து கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்ற வரும் பெண்ணைத் தொட்டிப் பக்கம் விடாமல் திருப்பி அனுப்பும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஆட்டுக்கல்லைக் கவிழ்த்துப் போட ஒரு நிமிடம்தான் ஆகும்.

கண்மாய்க் கரையில் ஒரு காலை நடை

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. கண்மாய் நிரம்பி நிற்கும்போது கரையின் வெளிப்புற அடிவாரத்தில் நடந்து பார்க்க வேண்டும். கரையின் உச்சியில் பைக்கில் போனால் ஒன்றும் தெரியாது.

அடிவாரத்தில் ஈரம் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவது தெளிந்த தண்ணீர் என்றால் அவசரமில்லை. கலங்கலாக வந்தால், கரைக்குள் இருக்கும் மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். நண்டு வளையோ எலி வளையோ, பட்டுப்போன சீமைக்கருவேல வேர் விட்டுச் சென்ற பொந்தோ உள்ளே இருக்கும். அடுத்த பெருமழைக்கு உடைப்பெடுப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். குச்சி ஒன்றை நட்டு அடையாளம் வையுங்கள். போனில் ஒரு படம் எடுங்கள்.

அடுத்தது மடை. பலகை முழுதாக இறங்குகிறதா, திருகுக் கம்பி வளைந்திருக்கிறதா, அடைத்த பிறகும் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா? அடைத்தும் ஓடுகிற மடை, மாசி மாதத்துத் தண்ணீரை மார்கழியிலேயே வீணாக்குகிறது. அப்புறம் கலிங்கு. நிரம்பிய கண்மாய் எந்த இடத்தில் வழிந்தது? கலிங்கு வழியாகவா, கரை தாழ்ந்த வேறு இடத்திலா? கண்மாயின் உள்வாயில் பயிர் வைத்தவர்கள் தங்கள் நிலம் முங்காமல் இருக்கக் கலிங்கை உடைத்துவிடுவதும், கண்மாய்ப் பாசனத்தை நம்பியிருக்கும் ஆயக்கட்டுக்காரர்கள் மணல் மூட்டை அடுக்கி அதை உயர்த்துவதும் ஊரறிந்த ரகசியம். கடைசியில் வரத்துக்கால்: எந்தப் பாலத்தடியில் குப்பை அடைத்திருந்தது, எந்த வளைவில் தண்ணீர் திசை மாறியது.

இதையெல்லாம் ஏன் இப்போதே பார்க்க வேண்டும்? பழுது பார்க்கிற மாதம் சித்திரை, வைகாசி. கண்மாய் காய்ந்தால்தான் வேலை செய்ய முடியும். ஆனால் காய்ந்த கண்மாயில் கசிவு தெரியாது. எங்கே கசிந்தது, எங்கே தேங்கியது என்று கோடையில் கேட்டால் ஆளுக்கு ஒரு திசை காட்டுவார்கள். எனவே ஒப்பந்தக்காரர் தனக்கு வசதியான வேலையைச் செய்கிறார்: பொக்லைனைக் கண்மாயின் நடுவில் இறக்கிப் பள்ளம் தோண்டுகிறார். தூர் வாருவது என்றாலே நடுவில் பள்ளம் போடுவது என்று ஆகிவிட்டது. மடையின் வாய்மட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் வயலுக்கு ஏறாது. மீனுக்கும் மாட்டுக்கும் கிணற்று ஊற்றுக்கும் உதவும், பாசனத்துக்கு உதவாது. மடையும் கலிங்கும் வரத்துக்காலும் பழையபடியே கிடக்கும். பல கோடி ரூபாய் இப்படித்தான் பள்ளத்தில் போயிருக்கிறது.

வாரிய வண்டலுக்கும் கொல்லைக்கும் உறவு உண்டு. அந்த மண்ணைத் தொழுவுரத்தோடு கலந்து பாத்தியில் போட்டால் இரண்டு போகத்துக்குத் தாங்கும். விவசாயிகளும் மண்பாண்டம் செய்பவர்களும் வட்டாட்சியர் அனுமதி பெற்று வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள 2024இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. எந்தக் கண்மாயில் எடுக்கலாம் என்று இப்போதே விசாரித்து வைத்தால் கோடையில் டிராக்டர் சொல்லிவிடலாம்.

கரையைப் பிடித்து நிற்கப் பனையை மிஞ்சிய மரம் கிடையாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. வெட்டாமல் இருப்பது பாதிதான். கிழங்குக்குப் போட்டது போக மிஞ்சிய பனங்கொட்டைகளைக் கரையோரம் ஊன்றினால் மீதியும் ஆகும்.

சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்ற ஊர். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் அங்கேதான் இருக்கிறது. பனிக்காலத்தில் கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டும். அவை மிரளக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. பறவை எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஊர்ப் பொதுவைக் காப்பதில் கொஞ்சம் சுயநலமும் கலந்திருந்தால் அது நீடிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தோட்டத்துக்கு ஒரு வாரியம், ஏரிக்கு ஒரு வாரியம்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறைக்காக எல்லா மேடையிலும் நினைவுகூரப்படுபவை. குடவோலையில் தேர்ந்த 30 பேரை என்ன வேலைக்கு வைத்தார்கள் என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. 12 பேர் சம்வத்சர வாரியம் (ஆண்டு வாரியம்), 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். ஆக, ஊர் ஆளுகை என்றால் தோட்டத்தையும் ஏரியையும் பார்த்துக்கொள்வது என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். பதவிக்காலம் 360 நாள். பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இல்லை. இந்தக் கடைசி விதியை இன்றைக்குக் கொண்டுவந்தால் எத்தனை பேர் தேறுவார்கள் என்று நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தக் கல்வெட்டை வைத்துக்கொண்டு பொற்காலப் பாட்டுப் பாட நான் தயாரில்லை. அது ஒரு பிராமணச் சபை. சொந்த நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் 35 வயதுக்கு மேல் 70க்குள் என்ற கணக்கும் உள்ளவர்கள்தான் குடத்தில் பெயர் போட முடியும். ஏரியில் மண் சுமந்தவர்கள் பெயர் குடத்தில் ஏறவில்லை.

பிற்காலத்திலும் அதே கதைதான். ஊர்க்காரர்களே கண்மாயைப் பழுதுபார்க்கும் குடிமராமத்து என்றால் ஊர்கூடித் தேர் இழுத்த இனிய காட்சி நம் மனத்தில் வருகிறது. நிலத்தை வைத்திருந்தவர்கள் ஒரு பக்கம், மண்வெட்டி பிடித்தவர்கள் இன்னொரு பக்கம் என்பதே பல இடங்களில் நடைமுறை. மடை திறந்து வயல் வயலாக நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். கூலி களத்து நெல்லில் ஒரு பங்கு. பெருமழை இரவில் மடைக்குள் மூழ்கிப் பலகையைத் தூக்கும் உயிராபத்தான வேலையும் அவர்களுடையதே. 1858இல் ஆங்கிலேய அரசு ஒரு சட்டமே கொண்டுவந்தது, கரை உடைப்பை அடைக்க ஆளைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்க. மனமுவந்து நடந்த வேலை என்றால் சட்டம் எதற்கு?

எனவே பழையது திரும்ப வர வேண்டியதில்லை. பொறுப்பு மட்டும் எங்கேயோ தொலைந்துவிட்டது, அதுதான் சிக்கல். 2017 மார்ச்சில் மணிமங்கலம் என்ற ஊரில் தமிழ்நாடு அரசு குடிமராமத்தைத் திட்டமாகத் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,519 வேலைகளுக்கு 100 கோடி ரூபாய். விவசாயிகள் சங்கமே வேலையை எடுத்துச் செய்யும் என்பது ஏற்பாடு. சங்கம் உயிரோடு இருந்த ஊர்களில் நன்றாக நடந்தது. காகிதத்தில் மட்டும் இருந்த ஊர்களில் வேலையும் காகிதத்தோடு போயிற்று.

2005ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த நூறு நாள் வேலையில் வரத்துக்கால் வெட்டியவர்களை ஊரில் சோம்பேறிகள் என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் அந்த வேலைநாள்களில் 100க்கு 80க்கும் மேல் பெண்களுடையவையாக இருந்தன. எந்த இடத்தில் மண் சரிகிறது, எந்தத் தோட்டத்துக்காரர் கால்வாயை அடைத்து வரப்பு போட்டிருக்கிறார் என்பது அந்தப் பெண்களுக்குத்தான் அத்துப்படி. அவர்களிடம் கேட்டு ஒரு திட்டம் தீட்டினால் பொறியாளரின் பாதி வேலை முடிந்துவிடும். கேட்பதில்லை.

போகி முடிந்த காலையில்

பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் ஊர் தானாகவே சுத்தமாகிறது. சுண்ணாம்பு அடிப்பார்கள், தொழுவத்துக்குச் செம்மண் பூசுவார்கள், பரண் மேல் கிடப்பதெல்லாம் இறங்கும். கொங்குப் பகுதியில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கூரையிலும் தொழுவத்திலும் வயலிலும் காப்புக் கட்டுவார்கள். இந்த ஆவாரையும் பூளையும் கொல்லையில் வளர்வதில்லை, பாதையோரத்திலும் வரப்பிலும் வளர்பவை. சாலையோரத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று களைக்கொல்லி அடிக்கும் ஊரில் இப்போது காப்புக்கட்டை சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஒரு மண்வெட்டியால் செதுக்கும் இடத்தில் விஷம் எதற்கு என்று ஊராட்சியில் கேட்கலாம்.

ஊர் கொளுத்தும் போகியில் பாயும் துடைப்பமும் போய் ரெக்சின் பையும் டயரும் வந்து ரொம்ப நாளாகிறது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. போகி மறுநாள் காலையில் ஊருணிக் கரையில் கிடப்பதைப் பார்த்தால் தடை எந்த ஊரில் என்று கேட்கத் தோன்றும். அதை அள்ளப் போவது தூய்மைக் காவலர்கள். அவர்களுக்குக் கையுறை கொடுத்திருக்கிறதா, சம்பளம் மாதாமாதம் வருகிறதா என்பதும் ஊர்ப் பராமரிப்புக் கேள்விதான்.

யாரிடம் சொல்வது?

இங்கேதான் பலர் சோர்ந்துபோகிறார்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறையுடையது. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். ஊருணியும் குட்டையும் ஊராட்சி. ஆக்கிரமிப்பு என்றால் வருவாய்த் துறை. அதற்கென்று 2007இல் தனிச் சட்டம் இருக்கிறது. ஒரே தண்ணீர் ஓடும் வழியில் நாலு அலுவலகம். ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் பதினோராவது அட்டவணை 29 பொருள்களைச் சொல்கிறது. கடைசி, 29ஆவது பொருள், சமூகச் சொத்துகளைப் பராமரிப்பது. பட்டியலில் கடைசி, நடைமுறையிலும் கடைசி. போதாததற்கு, 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பெரும்பாலான மாவட்டங்களில் தனி அலுவலர்கள் கைக்குப் பொறுப்பு போனது. தலைவர் வீட்டுத் திண்ணையில் போய்ச் சண்டை போடும் வசதியும் அப்போது இல்லாமல் போயிற்று.

கிராம சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை. அதில் ஒன்று ஜனவரி 26, தை மாதத்தில் வருகிறது. மார்கழி முழுக்க ஊர் தன் பழுதைக் காட்டி முடித்த கையோடு வரும் சபை. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நீங்கள் அதன் உறுப்பினர். யாரும் அழைக்க வேண்டியதில்லை.

"கண்மாயைத் தூர் வாருங்கள்" என்று அங்கே போய்ப் பேசாதீர்கள். அதற்குத்தான் நடுவில் பள்ளம் கிடைக்கிறது. இரண்டாவது மடையில் பலகை இறங்கவில்லை, அய்யனார் கோயிலுக்குக் கிழக்கே கரையடியில் கலங்கல் கசிகிறது, பள்ளிக்கூடத் தெருவில் சாக்கடை ஊருணிக்குள் இறங்குகிறது, எங்கள் ஊர் கரிசல், எனவே உறிஞ்சுகுழிக்குப் பதில் வாழைக்குழி போடுங்கள் என்று இடத்தைச் சொல்லி, படத்தைக் காட்டிப் பேசுங்கள். நூறு நாள் வேலையில் கால்வாய் வெட்டிய அக்காவையும் கூட அழைத்துப் போய்ப் பேச வையுங்கள். நகரத்தில் இருந்து பொங்கலுக்கு வந்தவர்கள், லீவு இருந்தால், 26 வரை இருந்துவிட்டுப் போகலாம். முடியாதவர்கள் ஊரை விட்டுக் கிளம்பும் முன் கரையடியில் ஒரு நடை நடந்து, எடுத்த படங்களை ஊரில் இருப்பவர்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஒன்று மட்டும். கூட்டம் தொடங்கும் முன்பே நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்குவது பல ஊர்களில் வழக்கம். உங்கள் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசித்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.